மதுரையை விட்டு வந்தவர்கள்: மறையூர் மலையில் பழைமையும் நட்பும்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு நோக்கிச் செல்லும் பேருந்து, ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டி, ஆனைமலைக் காட்டின் முள்மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறி, சின்னாற்றைக் கடந்து கேரளத்துக்குள் நுழையும்போது, மாநிலம் மாறிவிட்டதென்பதைப் பயணிக்குத் தெரிவிப்பது பெயர்ப்பலகையின் எழுத்து ஒன்றே. வெயில் மாறுவதில்லை, மண் மாறுவதில்லை, பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சும் பெரும்பாலும் மாறுவதில்லை. கேரளம் என்றவுடன் மனத்தில் எழுகிற ஓயாத மழை இங்கே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரை உயர்ந்த மலைத்தொடர் அந்தப் பக்கமே வாங்கிக்கொண்டுவிடுவதால், மறையூரும் அதைச் சூழ்ந்த பிரதேசமும் மழை மறைவிலே கிடக்கின்றன. அந்த வறட்சியினால்தான் இங்கே சந்தனம் தானாக விளைந்து, சாலையோரம் கம்பிவேலிக்குள் காவலோடு நிற்கிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே அரபிக் கடலை நாடிச் செல்ல, கிழக்கே திரும்புகிற மூன்றில் ஒன்றாகிய பாம்பாறு இவ்வழியே இறங்கி அமராவதியில் சேர்கிறது. ஆகவே மறையூரின் தண்ணீர்கூடத் தமிழ்நாட்டுக்குத்தான் போகிறது என்று இவ்வூரார் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சில மைல் சுற்றளவுக்குள் அடங்கிவிடும் இந்த மலைத்தொட்டியில், வயல் வைத்திருக்கும் தமிழ் வேளாளரும், காட்டுக்குடிகளில் வாழும் முதுவரும், மலைப்புலையரும், கடை வைத்த ராவுத்தரும், மீனச்சில் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சிரியன் கிறிஸ்தவரும், தோட்டங்களிலிருந்து இறங்கிவந்த தொழிலாளர் குடும்பங்களும் தலைமுறைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வசித்துவருகிறார்கள். பல சமயத்தார் ஓரிடத்தில் வாழ்வதைக் கண்டவுடன் ‘ஒற்றுமைக்கு இலக்கணம்’ என்று எழுதிவிடுவது நம் பத்திரிகைகளின் வழக்கம். அந்தச் சொல்லை எடுப்பதற்கு முன்னால், இவர்களுக்குள் இருக்கும் சம்பந்தம் யாது, அதற்குச் சரியான பெயர் எது என்று கேட்டுப்பார்ப்பது நல்லது. நட்பு என்பது ஒரு பெயர். அண்டை வாழ்வு, வியாபாரம், விதியற்ற சகிப்பு, சில வேளைகளில் அடிமைத்தனம் என்பனவும் அதே உறவுக்குப் பொருந்தக்கூடிய வேறு பெயர்களே.

முதலில் இவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதைகளைக் கவனிக்க வேண்டும். முதுவர்கள் தாங்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். அரசியல் குழப்பத்தில் ஊரை விட்டு ஓடிவந்தபோது மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்ற பெயர் ஏற்பட்டதென்றும், குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு வந்ததால் ஏற்பட்டதென்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இன்றும் முதுவப் பெண்கள் குழந்தையைத் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மலையேறுவதைக் காணலாம். 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய நூலிலேயே முதுவரின் மதுரைத் தொடர்பு பதிவாகியிருக்கிறது. அடுத்து, மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்று பெயரிட்டு வாழ்ந்த வேளாளரைக் கேட்டால், அவர்களும் மதுரைச் சீமையிலிருந்து படையெடுப்புக்கு அஞ்சி வந்தவர்களே. எந்தப் படையெடுப்பு என்பதில் மட்டும் சொல்வோர்க்குச் சொல்வோர் வித்தியாசம் உண்டு. மூன்றாவதாக, இம்மலைகளுக்கு உரிமை கொண்டாடிய பூஞ்ஞாறு அரச குடும்பமோ தன்னைப் பாண்டியர் வழியினதென்று சொல்லிக்கொள்வது. பூஞ்ஞாற்றிலே மீனாட்சிக்குக் கோயில் எழுப்பியிருப்பது. மீனச்சில் என்ற ஆற்றின் பெயரே மீனாட்சியிலிருந்து வந்ததென்பாரும் உளர்.

காட்டில் வாழ்பவன், வயலில் உழுபவன், அரண்மனையில் இருப்பவன் ஆகிய மூவரும் ஒரே ஊரிலிருந்து, ஒரே தெய்வத்தை நினைத்துக்கொண்டு, ஒரே விதமான அச்சத்தால் ஓடிவந்ததாகச் சொல்வது சரித்திர உண்மையா என்று கேட்டால், மூன்றையும் அப்படியே ஒப்புக்கொள்ளச் சரித்திரக்காரர் தயங்குவார். என் அபிப்பிராயத்தில் இந்த ஐதிகங்களின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. ‘இந்த மண் ஆதியில் என்னுடையது, நீ பின்னால் வந்தவன்’ என்று ஒருவன் மற்றவனைப் பார்த்துச் சொல்லுவதே பெரும்பாலான எல்லைச் சண்டைகளின் தொடக்கம். இங்கே அந்த வாதத்தை எடுக்க முதுவர், வேளாளர், அரசர் என்ற மூவராலும் இயலாது. தாங்களும் புகல் தேடி வந்தவர்களே என்பதைத் தம் வாயாலேயே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் இங்கே வாழ்ந்து பாறைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்துப் போனவர்களோ பெயர்கூட விட்டுச்செல்லவில்லை. அந்தப் பெருங்கற்காலக் கல்லறைகளை முனியறை என்று சொல்லி, முனிவர்கள் தவமிருந்த அறைகள் என்றும், பாண்டவர் மறைந்திருந்த இடமாதலால் மறையூர் என்றும் பின்வந்தவர்கள் கதை கட்டிக்கொண்டார்கள்.

இந்த மலைகளில் வெள்ளைக்காரர் கால் வைத்த கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1877-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி ஜான் டேனியல் மன்றோ என்பவர், பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஐயாயிரம் ரூபாய் முன்பணத்துக்கும் ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் குத்தகைக்கும் கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலைகளைப் பெற்றார். அந்தக் கண்ணன் தேவன் யார் என்றால், மலைக்கு வந்த துரைமார்க்கு வழிகாட்டிய அஞ்சுநாட்டுத் தலைவன் என்பது செவிவழிச் செய்தி. அவனுடைய பெயர் மலைக்கு நிலைத்தது, பிறகு தேயிலைப் பொட்டலத்துக்கும் ஏறியது; மலையோ மன்றோவின் வசமாயிற்று. வேற்று நாட்டான் ஒருவனுக்கும் மலைநாட்டான் ஒருவனுக்கும் ஏற்பட்ட நட்பென்று இதைச் சிலர் இனிமையாக வருணிப்பதுண்டு. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் யார், வழிகாட்டிய கூலியோடு நின்றவர் யார் என்று பார்த்தால் அந்த இனிமை சற்றுக் குறைந்துதான் போகிறது.

நம் நூல்களில் நட்பை நுணுகி ஆராய்ந்தவர் வள்ளுவரைப் போல் வேறெவரும் இல்லை. 79-ஆம் அதிகாரம் முதல் 83-ஆம் அதிகாரம் வரை, ஐந்து அதிகாரங்களில் ஐம்பது குறட்பாக்களை அதற்கே ஒதுக்கியவர், அவற்றில் இரண்டு அதிகாரங்களைத் தவிர்க்க வேண்டிய நட்புக்குக் கொடுத்திருப்பது அவருடைய உலக அனுபவத்தைக் காட்டும். நடுவில் நிற்கும் 81-ஆம் அதிகாரத்தின் பெயர் ‘பழைமை’. இதை மேடைகளில் அதிகமாக எடுத்தாள்வாரைக் காணோம். ஆனால் மறையூரைப் புரிந்துகொள்ள அதுவே திறவுகோல் என்று எனக்குப் படுகிறது. நெடுங்காலம் பழகியவர் நம்மைக் கேளாமலே ஒரு காரியத்தைச் செய்துவிட்டால், அந்த உரிமையைக் குற்றமாகக் கருதாமல் ஏற்றுக்கொள்வதே பழைமை என்பது அவ்வதிகாரத்தின் சாரம். அந்த உரிமைக்குக் கெழுதகைமை என்று அவர் பெயரிட்டிருக்கிறார். ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பு எத்தகையது என்று உள்ளத்தைத் தோண்டிப் பார்க்க ஆராய்ச்சிக்காரனால் முடியாது. யார் யாரிடம் கேளாமல் உரிமை எடுத்துக்கொள்கிறார் என்பதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம்.

மறையூரில் அதைப் பார்க்கத் தகுந்த இடம் வெல்லக் கொட்டகை. கரும்பை ஆலையிட்டுப் பிழிந்த சாறு அகன்ற கொப்பரையில் கொதித்துக்கொண்டிருக்கும். அடியில் எரிவது அதே கரும்பின் காய்ந்த சக்கை. சிட்டிகை சுண்ணாம்பு போட்டவுடன் அழுக்கு நுரையாக மேலே வரும், அதை வழித்து எறிவார்கள். பாகு திரண்டதும் சிறிது எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்த்து, தொட்டியில் கொட்டித் துடுப்பால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி உருட்ட வேண்டும். அச்சில் வார்க்காமல் கையால் உருட்டிய உண்டை என்பதே மறையூர் வெல்லத்தின் அடையாளம். விரல் பதிந்த தழும்பு அதன்மேல் தெரியும். மலிவான வெளிச் சரக்கை மறையூர் வெல்லமென்று விற்கும் மோசடி பெருகிய பிறகு, 2019-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அப்படியொரு கொட்டகையில் நான் நின்றிருந்தபோது, நெற்றி நிறைய விபூதி பூசிய உரிமையாளர் கொப்பரைக்கு அருகே இருக்க, தொப்பி அணிந்த வியாபாரி ஒருவர் உள்ளே வந்து, யாரையும் ஒரு வார்த்தை கேளாமல் தொட்டியோரத்துச் சூட்டு வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “மாமா, இன்னிக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சு” என்றார். “சுண்ணாம்பு கூடல மாப்ளே, ஒனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு” என்று இவர் கொப்பரையை விட்டுக் கண்ணெடுக்காமலே பதில் சொன்னார். வியாபாரி சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு கிள்ளினார். பதமும் எடையும் விலையும் பற்றிய சச்சரவு அதற்குப் பிறகுதான் தொடங்கியது, கடுமையாகவே நடந்தது. தொட்டியின் மறுபக்கத்தில் குந்தியிருந்து உண்டை உருட்டிக்கொண்டிருந்த முதியவர் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. இருவரில் யாருக்குப் பதில் சொல்ல நேர்ந்தாலும் ‘மொதலாளி’ என்றே விளித்தார். அவரை நான் மறக்கவில்லை. இக்கட்டுரையின் முடிவில் அவரிடம் திரும்பி வருகிறேன்.

மாமன், மாப்பிள்ளை என்ற இந்த விளிகள் மறையூருக்கு மட்டும் உரியவை அல்ல. மதுரை, தேனி, திண்டுக்கல் சீமைகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் மாமன் என்றும் மச்சான் என்றும் அழைத்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். ராவுத்தர்களுக்குத் தாய்மொழி தமிழே. உடுமலை, பாலக்காடு, கம்பம் பள்ளத்தாக்கு ஆகிய எல்லைப் பகுதிகளில் அவர்கள் வியாபாரிகளாகவும் விவசாயிகளாகவும் வேரூன்றியவர்கள். இந்த இரண்டு சமயத்தாருக்குள்ளும் பெண் கொடுத்தல், எடுத்தல் என்பது வழக்கத்தில் இல்லாதிருந்தும், கொள்வினை கொடுப்பினையால் மட்டுமே ஏற்படக்கூடிய உறவுப்பெயரைத் தேர்ந்துகொண்டது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது. ‘பங்காளி’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பங்காளியென்றால் பாகப்பிரிவினை வரும், வரப்புத் தகராறு வரும், சாவுத் தீட்டு வரும். மாமனுக்கும் மாப்பிள்ளைக்கும் சொத்தில் வழக்கில்லை; கேலி பேசலாம், வீட்டுக்குப் போய் அதட்டிச் சாப்பாடு கேட்கலாம், கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்யவும் முறையுண்டு. வேற்றுச் சமயத்தானை உடன்பிறந்தவன் என்று பாவனை செய்யாமல், ‘நீ வேறு குடும்பம், ஆனால் என்னிடம் உரிமையுள்ள குடும்பம்’ என்று வைத்த ஏற்பாடு இது. ‘நாமெல்லாரும் ஒன்றே’ என்ற பேச்சைக் காட்டிலும் இது நேர்மையானதாகவும் நீடிக்கக்கூடியதாகவும் எனக்குத் தோன்றுகிறது.

மலையாளக் குடியேற்றத்தின் கதை வேறு. 1950-களின் நடுவே, திருவிதாங்கூர்–கொச்சியில் பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்த காலத்தில், உயர்மலைப் பகுதிகளில் அரசே குடியேற்றத் திட்டங்களைத் தொடங்கிற்று. அதே ஆண்டுகளில்தான் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டுமென்ற கிளர்ச்சியும் நடந்தது. 1956 நவம்பர் முதல் தேதி மாநில எல்லை தீர்ந்தபோது, மறையூரை உள்ளிட்ட தேவிகுளம் கேரளத்திலேயே நின்றது. 1972-ல் இடுக்கி மாவட்டம் ஆயிற்று. எல்லை வாதத்தின் கசப்பு பெரிய மனிதர்களின் அறிக்கைகளில் எத்தனை நாள் இருந்ததோ, சந்தையில் அத்தனை நாள் இருக்கவில்லை. மேற்கேயிருந்து வந்த கிறிஸ்தவக் குடியானவனுக்கு இந்த வறண்ட மண்ணின் குணம் தெரியாது; இங்கே என்று மழை வரும், எந்த மாதம் யானை கரும்புக்கு இறங்கும் என்பதைப் பழைய குடிகளிடம் கேட்டே அவன் கற்றாக வேண்டும். பதிலுக்கு இவர்களுக்கு அரசாங்கக் காகிதம் எல்லாம் மலையாளத்தில் வந்தது. அதைப் படித்துச் சொல்ல அவன் வேண்டியிருந்தது. தேவையே முதலில் சேர்த்து வைத்தது என்று சொல்வதால் அந்தப் பழக்கத்துக்கு இழுக்கில்லை.

கார்த்திகை பிறந்தால் இச்சாலையில் கறுப்பு உடுத்த ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நிறைகின்றன. ஐயப்பன் கதையிலும் அரசர் பந்தளத்தார், அவரும் பாண்டியர் வழியினர் என்பதால் மதுரை மறுபடி வருகிறது. ஐயப்பனின் தோழன் வாவர் ஒரு முஸ்லிம். முதலில் எதிர்த்துப் போரிட்டு, பின்னால் சிநேகிதரானவர் என்பது ஐதிகம். எருமேலியில் பேட்டை துள்ளும் பக்தர்கள் வாவர் பள்ளிவாசலை வலம்வந்த பிறகே மேலே நடக்கிறார்கள். சன்னிதானத்தில் வாவர் நடையில் மிளகு காணிக்கையாக வைக்கப்படுகிறது. மலையிறங்கியவர்களில் பலர் அர்த்துங்கல் கிறிஸ்தவ ஆலயத்துக்குச் சென்று மாலையைக் கழற்றுவார்கள். அங்கிருந்த வெள்ளைக்காரப் பாதிரியாரும் ஐயப்பனின் நண்பரென்று கதை. வாவர் கடைசிவரை முஸ்லிமாகவே இருக்கிறார் என்பதுதான் இக்கதையில் நான் மிகவும் மதிக்கும் அம்சம். தோழமைக்காக மதம் மாறியதாகக் கதை கட்டுவது எளிதாயிருந்திருக்கும். பக்தர்கள் அப்படிக் கட்டவில்லை.

சமவெளியில் இதற்கு ஏட்டுச் சான்றுள்ள உதாரணம் மாயூரத்தில் இருக்கிறது. கத்தோலிக்கரான முன்சீப் வேதநாயகம் பிள்ளைக்கும் சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் இருந்த நட்பு தமிழுலகம் அறிந்தது. மகாவித்துவான் தம் நண்பர்மேல் குளத்துக்கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரோ வேதநாயகரின் பாடல்களைப் பெரிதும் பாராட்டியவர். மகாவித்துவானிடம் பாடம் கேட்டவர்களில் புதுச்சேரிக் கிறிஸ்தவரான சவராயலு நாயகரும், நாகூர் குலாம் காதிறு நாவலரும் இருந்தார்கள். இவையெல்லாம் உ. வே. சாமிநாதையர் போன்றவர்கள் எழுதிவைத்ததால் நமக்குக் கிடைத்தன. அங்கே நண்பர்கள் கல்வியால் சமமானவர்கள். ஒருவர் பாட்டெழுதி அனுப்பினால் மற்றவர் பாட்டாலேயே பதில் எழுத வல்லவர். கெழுதகைமை இருபுறமும் ஒரே எடையில் நின்றது.

மறையூரில் அந்த எடை எல்லா இடத்திலும் ஒக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். குறும்பப் புலையர், கரைவழிப் புலையர், பாம்பப் புலையர் என்று பிரிவுகளுள்ள மலைப்புலையர், அஞ்சுநாட்டு நிலக்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாக அடிமைத் தொழில் செய்தவர்கள். மாரியம்மன், காளியம்மன் விழாக்களில் உறுமியும் குழலும் கிடிமுட்டியும் முழங்க ஆணும் பெண்ணும் விடிய விடிய ஆடும் மலைப்புலையாட்டத்தைப் பார்க்க எல்லாரும் கூடுவார்கள். ஆட்டம் முடிந்தபின் யார் எந்தத் திண்ணையில் அமரலாம் என்பது வேறு கணக்காயிருந்தது. கேரளத்தில் அவர்கள் பழங்குடிகளின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார்கள். ஒரே வயலில், ஒரே பாம்பாற்று நீரில், ஒரே தெய்வத்தின் முன்னால் எத்தனையோ தலைமுறை பழகியும், கேளாமல் ஒரு துண்டு வெல்லம் கிள்ளும் உரிமை ஒரு பக்கத்தாருக்கு இல்லாதிருந்ததென்றால், அந்தப் பழக்கத்துக்கு வள்ளுவரின் பழைமை என்ற பெயரைக்கூடக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நட்பென்ற பெயர் எங்கே? சமயம் வேறான ராவுத்தர் மாப்பிள்ளை ஆனார்; ஒரே அம்மனைக் கும்பிட்டவர் ‘மொதலாளி’ என்று சொல்லிக்கொண்டு தொட்டியின் மறுபக்கத்திலேயே இருந்தார். மத வேற்றுமையைத்தான் நட்புக்குப் பெருந்தடையாகப் பேசி வருகிறோம். மறையூரில் நான் பார்த்த அளவில் அதைவிடக் கடினமான தடை நிலமும் சாதியுமே.

கொட்டகையில் உண்டை உருட்டிய முதியவர் எந்தக் குடியினர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது வேறு: அவர் கையில் உருண்ட வெல்லத்தை யாருக்கேனும் அவராகவே எடுத்துக் கொடுத்திருக்கிறாரா, யாரையேனும் பெயர் சொல்லி அழைத்திருக்கிறாரா என்பது. மதுரையை விட்டு வந்த கதையை வேளாளர் சொல்லியும் அரசர் சொல்லியும் கேட்டாயிற்று. மலைப்புலையரின் குடிகளில் உள்ள முதியவர்கள், முக்கியமாகக் கிழவிகள், தங்கள் கதையையும், தாங்கள் யாரை நண்பரென்று கருதினார்கள், யாரைக் கருதவில்லை என்பதையும் அவர்களுடைய சொந்தப் பேச்சிலேயே சொல்ல, உடனிருந்து எழுதிக்கொள்ளப் பொறுமையுள்ள இளைஞர்கள் நாலு பேர் வேண்டும். அந்தப் பேச்சு தமிழ் தெரிந்தவர்க்குச் சில நாளில் பிடிபட்டுவிடும். உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூருக்குப் பேருந்து இருக்கிறது.